கைசுத்தம்

தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் போகும் இராக்கப்பல்.
ஏழாம் தளத்தில் எங்கள் மேடை.
இந்தப் பக்கம் மதுக்கூடம்,
அந்தப் பக்கம் ஓயாமல் கிணுகிணுக்கும் சூதாட்ட இயந்திரங்கள்.
பத்தரைக்கு மாயவித்தை, பதினொன்றுக்குக் கரோக்கே.
விளக்கு என் பொறுப்பு.

உர்மாஸ் மாதிரி ஒரு கையை நான் பார்த்ததில்லை.
பரண் மேலிருந்து பார்க்கிறவன் நான்,
விரலிடுக்கில் எது பதுங்கினாலும்
எனக்குத் தெரிந்துவிடும்.
அவனிடம் மட்டும் தெரிந்ததில்லை.
நாலு சீட்டு ஐந்தாகும், ஐந்து ஒன்றாகும்,
அந்த ஒன்றும் இல்லாமல் போகும்.
முகமோ
வருமான வரிப் படிவம் நிரப்புகிறவன் முகம்.

"இதோ சீட்டு. இதோ இல்லை."
அவ்வளவுதான் பேச்சு.
அது இல்லாமல் போனால் நமக்கென்ன என்று
யாருக்கும் அவன் சொன்னதில்லை.
முன்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான்,
வாய் மூடுவதற்குள்
ஓர் அற்புதம் நடந்து முடிந்திருந்தது.

நவம்பரில் உர்மாஸுக்குக் கடைவாய்ப்பல் வீங்கியது.
அன்றைக்கு மேடையேறியவள் விர்வே,
கீழ்த்தளத்தில் வாசனைத் திரவியம் விற்பவள்.
அவளுக்குத் தெரிந்தது மூன்று வித்தை,
அதில் இரண்டு ஒரே வித்தை.
விரல்கள் குட்டை.
இன்றைக்கு மானம் கப்பலேறும் என்று நினைத்தேன்,
நாங்கள் ஏற்கெனவே கப்பலில்தான் இருந்தோம்.

ஹாங்கோ முனை தாண்டியதும் கடல் புரளத் தொடங்கியது.
ரெய்யோ என்ற லாரிக்காரரிடம்
ஒரு யூரோ கடன் கேட்டாள்.
அவர் பேனாக்கத்தியால் அதில் ஒரு கீறல் போட்டார்.
"இதை வைத்து என்ன செய்வதாக இருந்தீர்கள்?"
"காபி குடிப்பதாக."
"அப்படியானால் இது காசில்லை," என்று தூக்கிக் காட்டினாள்,
"ரெய்யோவின் காபி."
யாரோ சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து
கப்பல் ஒருக்களித்தது,
காசு கை தவறித் தரையில் ஓடியது.

"பிடியுங்கள்! காபி ஓடுகிறது!"

அந்தக் குரலில் என் விளக்கும் ஓடியது
காசின் பின்னால்,
நாற்காலிக் கால்களுக்கு நடுவே,
ஒரு ஸ்வீடிஷ் மணப்பெண்ணின் செருப்பைச் சுற்றி,
இயந்திரங்களுக்கு அடியில்.
சூதாடியவர்கள் நெம்புகோலை விட்டார்கள்.
அறுபது பேர் மண்டியிட்டார்கள்.
பியர் நுரை ஆறிக்கொண்டிருந்தது.

மேலிருந்து எனக்கு மட்டும் தெரிந்தது:
ஓடியது வேறொரு காசு.
கீறல் விழுந்தது அவள் மோதிர விரலடியில்,
பாதி விளிம்பு வெளியே தெரிய,
குழந்தைகூடக் கண்டுபிடிக்கும் லட்சணத்தில்.
ஒரே ஒரு கண் அங்கே போயிருந்தால் போதும்.
போகவில்லை.
நான் விளக்கைத் தரையைவிட்டு எடுக்கவில்லை,
அவள் என்னிடம் சொல்லி வைக்கவும் இல்லை.

கடைசியில் மூச்சு வாங்க நிமிர்ந்து
"காபியையே கேட்டுவிடுவோம்" என்றாள்.
மதுக்கூடத்திலிருந்து ஒரு கோப்பை வந்தது.
ரெய்யோ குடித்தார், சூடு பொறுக்காமல், நின்றுகொண்டே.
அறுபது பேரும் அவர் தொண்டையைப் பார்த்தார்கள்.
அடியில் காசு.
கீறலைத் தடவிப் பார்த்து
அந்தப் பெரிய மனிதர்
ஏதோ பின்னிஷ் கெட்டவார்த்தை சொன்னார்,
பிரார்த்தனை மாதிரி.

பின்வரிசை மேசைக்கடியிலிருந்து
கன்னத்தில் துணி கட்டிய ஒருவன் எழுந்தான்.
முழங்காலெல்லாம் தூசி.
உர்மாஸ்.
"விரலடியில் இருந்ததைப் பார்த்தாயா?" என்று பிறகு கேட்டேன்.
"முதலிலேயே பார்த்தேன்."
"பிறகு ஏன் குனிந்தாய்?"
பல்வலி என்று கன்னத்தைக் காட்டினான்.

காலையில் கூட்டுகிறவர் கொண்டுவந்த
கீறலில்லாத யூரோ இன்னும் என் பையில் கிடக்கிறது.
விர்வே கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் உர்மாஸ் திரும்பினான்.
அதே சீட்டு. அதே படிவ முகம்.
"இதோ சீட்டு," என்றான். "இதோ..."
கை நின்றது. சட்டைப்பையைத் தடவினான்.
காது சிவந்தது.
கொட்டாவிக்காரர்கள் நாலு பேர் தலை நிமிர்த்தினார்கள்.

தடுமாறினானா, தடுமாறிக் காட்டினானா?
மேலிருந்து பார்த்தும்
எனக்குத் தெரியவில்லை.